சைபர் விடுபட்ட மிளகு

கொல்லிமலை மிளகுக்கு இன்று இரண்டு சந்தைகள் இருக்கின்றன. ஒன்று, பலாவும் அன்னாசியும் வாழையும் கை மாறும் சோளக்காட்டுச் சந்தை; மற்றொன்று, காரவள்ளியிலிருந்து ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அப்பால், எங்கோ ஓர் ஊரின் கணினிகளில் இரவும் பகலும் திறந்து கிடக்கும் இணையச் சந்தை. முதல் சந்தையில் விற்பவர் விலையைத் தவறாகச் சொல்லிவிட்டால், எதிரே நிற்பவரின் முகம் மலர்வதைக் கண்டே சுதாரித்துக்கொண்டு, "அட, தப்பாச் சொல்லிட்டனுங்க, எண்ணூறுங்க" என்று திருத்திவிட முடியும். வாங்க வந்தவரும் சிரித்துக்கொண்டே பேரத்தைத் தொடர்வார். இரண்டாம் சந்தையில் விற்பவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அவருடைய விலை விழித்திருந்து வியாபாரம் செய்கிறது என்பதால், அங்கே பிழை ஒரு சொல்லாக மறைந்துபோகாமல், நூறு பேர் பார்த்து, இருபது பேர் பணம் கட்டி, இருபது ரசீதுகளாக மாறிய பின்பே பலநேரம் விற்பவரின் கண்ணில் படுகிறது.

ஒரு பொருளின் பெயர், படம், எடை, விலை, தயாரித்தவர் விவரம் ஆகியவற்றைச் சேர்த்து இணையச் சந்தையில் இடப்படும் பக்கத்தை வணிகர்கள் லிஸ்டிங் என்கிறார்கள். தமிழில் விற்பனைப் பக்கம் என்றால் போதும். இந்தப் பக்கத்தில் நேரும் பிழைகள் பார்வைக்குப் பலவாகத் தோன்றினாலும் அடிப்படையில் மூன்றுதான்: விலைப் பிழை, அளவுப் பிழை, பொருளே வேறாகிவிடும் பிழை. செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் முதல் வகை. 2022ஆம் ஆண்டு அமேசானின் இந்தியத் தளத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 25,999 ரூபாய் என்று விலை போட்டிருந்ததை நாடே பார்த்துச் சிரித்தது. வாளி விலை ஏறினால் சிரித்துவிட்டுப் போகலாம், யாரும் வாங்கப்போவதில்லை. மிளகு விலை இறங்கினால்தான் சிக்கல்.

மலைப் பொருள்களைப் பொறுத்தவரை விலைப் பிழையைவிட அளவுப் பிழைதான் மிகுதியாக நேரக்கூடியது, அதற்குக் காரணமும் உண்டு. வள்ளத்தாலும் படியாலும் தானியத்தை அளந்து பழகிய ஊரில் விளைந்த பொருள், கிலோவில் வியாபாரியிடம் போய், 100 கிராம் பொட்டலமாக இணையத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கு மாறுகிறது. 100 கிராம் மிளகு 80 ரூபாய் என்று விற்க நினைக்கும் ஒருவர், அதே பக்கத்தில் 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று பிற அளவுகளையும் சேர்க்கும்போது, 100 கிராமுக்கு உரிய விலையை 1 கிலோவுக்கு உரிய கட்டத்தில் இட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர் கண்ணில் படுவது, ஒரு கிலோ கொல்லிமலை மிளகு 80 ரூபாய் என்னும் வரி மட்டுமே. 800இல் ஒரு சைபர் விடுபட்டிருந்தாலும் இதே வரிதான் தோன்றியிருக்கும். விலைப் பிழையும் அளவுப் பிழையும் வாங்குபவருக்கு இங்கே ஒன்றாகிவிடுகின்றன, திருத்த வேண்டிய விற்பவருக்கோ அவை இரு வேறு கட்டங்கள்.

இத்தகைய குழப்பத்தைத் தடுப்பதற்கென்றே, பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் 2021இல் ஒரு திருத்தம் வந்தது. பொட்டலத்தின் மொத்த விலையோடு அலகு விலையையும், அதாவது ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ எவ்வளவு என்பதையும், அச்சிட வேண்டும் என்கிறது அது. நோக்கம் நல்லது. ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்துக்குக் கிராம் கணக்கில் விலை சொல்ல வேண்டும் என்பதால், அரைக் கிலோ மிளகுப் பொட்டலத்தில் கிராமுக்கு 0.80 ரூபாய் என்று வரும். பிழை நேர்ந்தால் அது 0.08 என்று ஆகும். கிலோ 800 என்றால் புருவம் அசையாத, கிலோ 80 என்றால் உடனே புருவம் உயர்கிற ஒரு குடும்பத் தலைவிக்கு, எண்பது பைசாவுக்கும் எட்டுப் பைசாவுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு எளிதில் கண்ணில் தைப்பதில்லை. மிளகைக் கிராம் கணக்கில் விலை கேட்பவர் எவரும் இல்லை என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

சிறுதானியத்தில் அளவுப் பிழை வேறொரு வேடம் போடுகிறது. கொல்லிமலையில் வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலச்சாமை என்று சாமையிலேயே பல வகைகள் உண்டு, மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் செய்துவரும் பணிகளில் இவ்வகைகளைத் திரட்டிக் காத்ததும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்க்குழுக்களின் பொறுப்பில் நிறுவ உதவியதும் முக்கியமானவை. உமி நீக்காத சாமையை அப்படியே உலையிலிட முடியாது; விதைக்கலாம், அல்லது குத்தி அரிசியாக்கலாம். விதைச் சாமையின் பக்கத்தில் அரிசியின் படம் ஏறிவிட்டாலோ, அரிசியின் பக்கத்தில் சாமை என்று மட்டும் எழுதிவிட்டாலோ, சென்னையில் பொங்கலுக்கு வாங்கியவர் கையில் உமியோடு கூடிய ஒரு கிலோ வந்து சேரும். அதைக் குத்த அவர் வீட்டில் உரலும் இருக்காது, உமி போனால் ஒரு கிலோ ஒரு கிலோவாகவும் இருக்காது. பச்சை மிளகுக்கும் காய்ந்த மிளகுக்கும் இடையிலும் இதே கதைதான்: பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்பதை விளைவிப்பவர் அறிவார், பக்கத்தை வடிவமைத்துக் கொடுத்த நகரத்து இளைஞர் அறியமாட்டார்.

பிழை எப்போதும் கைத்தவறு அன்று. பல பொருள்களை ஒரே நேரத்தில் ஏற்ற விரிதாள் பயன்படுகிறது. அதில் ஒரு நெடுவரிசை நகர்ந்தால் அத்தனை விலைகளும் ஒரு கட்டம் தள்ளி விழும். போட்டியாளரின் விலையைப் பார்த்துத் தானே விலையைக் குறைக்கும் மென்பொருள்களும் உண்டு. 2014 டிசம்பர் 12 மாலை, பிரிட்டனில் ரிப்ரைசர்எக்ஸ்பிரஸ் என்னும் அத்தகைய மென்பொருள் தடம் புரண்டதில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு அமேசானில் பல சிறு வணிகர்களின் பொருள்கள் ஒரு பென்னிக்கு விற்றுத் தீர்ந்தன. அவர்களில் பலர் வீட்டிலிருந்தே கடை நடத்திய குடும்பத்தினர். இதைவிடச் சங்கடமானது, பிழை யாருடையது என்றே தெரியாத நிலை: பெரிய தளங்களில் ஒரே பொருளுக்கு ஒரே பக்கம் வைத்து, அதை விற்கும் எல்லாரையும் அதன் கீழ் வரிசைப்படுத்தும் வழக்கம் இருப்பதால், படத்தையோ எடையையோ வேறொரு வணிகர் மாற்றினால்கூட அந்த மாற்றம் மலையிலிருந்து விற்பவரின் தலையில் வந்து விழக்கூடும்.

பிழை நேர்ந்தபின் சட்டம் கேட்கும் முதல் கேள்வி, ஒப்பந்தம் எந்த நொடியில் உருவானது என்பதே. கடை அலமாரியில் விலைச்சீட்டோடு வைத்திருக்கும் பொருள் வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பு மட்டுமே, அதை எடுத்து நீட்டும் வாடிக்கையாளர்தான் முன்மொழிபவர், கடைக்காரர் ஏற்கும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது என்பது ஆங்கிலச் சட்ட மரபு. இணையப் பக்கத்தையும் இந்த வரிசையிலேயே வைப்பது வழக்கம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, ஏற்பு தமக்கு எதிராக முழுமையடையும்வரை முன்மொழிந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு, மின்னணு வழியில் நடந்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது. இவற்றைச் சேர்த்துப் படித்தால் பழி போய் விழுவது ஒரு சிறு மின்னஞ்சலின் மீது. "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்று வந்தால் அது வெறும் ஒப்புகை. "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று வந்தால் அது ஏற்பு என்று வாதிட இடம் உண்டு. அந்த வாசகத்தை எழுதுவது கொல்லிமலைக்காரர் அல்லர், தளம். எழுதப்பட்டதன் விளைவைத் தாங்குவது பெரும்பாலும் அவரே.

இரண்டாம் கேள்வி பிழையைப் பற்றியது. இருவருமே ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஒரு செய்தியில் தவறியிருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஆனால் பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கணிப்பு இந்த வகையில் சேராது என்று அதன் விளக்கவுரை விலக்கிவிடுகிறது. ஒருவர் மட்டும் தவறினார் என்பதாலேயே ஒப்பந்தத்தை உதற முடியாது என்கிறது 22ஆம் பிரிவு. ஆகவே மிளகு விலை ஏறிவிட்டதை அறியாமல் பழைய விலைக்கு விற்றவர் பின்னர் வருந்திப் பயனில்லை. அது வியாபாரத்தில் வரும் நட்டம். 800 என்று எழுத வேண்டிய இடத்தில் 80 என்று எழுதியவரின் நிலை வேறு, அங்கே மனத்தில் இருந்த விலையும் பக்கத்தில் இருந்த விலையும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டை வாங்குபவர் அறிந்திருந்தாரா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. 22ஆம் பிரிவு அதற்கு விடை சொல்லவில்லை. விடை தேடப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் 2003 ஜனவரியில் நடந்தது இது. டிஜிலேண்ட்மால் என்னும் இணையக் கடையின் தொடர்பு நிறுவனத்தில் பயிற்சிக்காகத் தட்டச்சு செய்யப்பட்ட 66 என்னும் எண், தவறுதலாக உண்மையான விற்பனைப் பக்கத்துக்கு ஏறிவிட்டது. 3,854 சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள எச்பி வண்ண லேசர் அச்சுப்பொறி 66 வெள்ளிக்கு வந்தது. பிழை பிடிபடுவதற்குள் 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கணினி சளைக்காமல் உறுதி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. கடை கொடுக்க மறுத்தபோது ஆறு நண்பர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த ஆறு பேர் மட்டும் கேட்டது 1,606 அச்சுப்பொறிகள்: உரிய விலையில் அறுபது லட்சம் வெள்ளிக்கு மேல், பக்கத்தில் இருந்த விலையிலோ ஏறக்குறைய 1 லட்சத்து 6 ஆயிரம் வெள்ளி.

நீதிபதி வி.கே. ராஜா 2004இல் அளித்த தீர்ப்பு, கணினி அனுப்பிய உறுதி மின்னஞ்சலும் ஏற்புதான், ஆகவே பார்வைக்கு ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் எதிர்த்தரப்பின் பிழையை அறிந்துகொண்டே அதைக் கவ்விக்கொண்டவருக்குச் சட்டம் துணை நிற்காது என்று வழக்கைத் தள்ளியது. சட்டம் இதை ஒருதலைப் பிழை என்கிறது. அறிந்திருந்தார்கள் என்பது எப்படித் தெரிந்தது? நள்ளிரவில் ஒருவரையொருவர் எழுப்பி அனுப்பிக்கொண்ட செய்திகள், பொருளின் உண்மை விலையை இணையத்தில் தேடிய தடங்கள், வீட்டுக்கு ஓர் அச்சுப்பொறி போதும் என்றிருக்க நூறு நூறாகக் கேட்ட எண்ணிக்கை ஆகியவையே சாட்சி சொல்லின. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முடிவை உறுதி செய்தது. ஆயினும், அறிந்திருக்க வேண்டியவர் என்பதற்கும் உண்மையிலேயே அறிந்தவர் என்பதற்கும் இடையில் அது கோடு கிழித்து, ஒப்பந்தத்தை அடியோடு செல்லாததாக்கப் பின்னதே வேண்டும் என்றது. சட்ட மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்; உண்மையில் படிக்க வேண்டியவர்கள் மலிவு விலை தேடி இரவில் கண்விழிக்கும் வாட்ஸ்ஆப் குழுக்காரர்கள்.

இந்தியாவில் இதற்கு நேர் எதிரானதுபோல் தோன்றும் ஒரு முடிவும் உண்டு. 2014 டிசம்பரில் ஒடிசாவைச் சேர்ந்த சட்ட மாணவர் ஒருவர், 23,499 ரூபாய் மடிக்கணினி 190 ரூபாய்க்கு வந்திருப்பதை அமேசானில் கண்டு ஆர்டர் கொடுத்தார். உறுதிச் செய்தியும் வந்தது. சில மணி நேரத்தில் விலைச் சிக்கல் என்று காரணம் சொல்லி ஆர்டர் ரத்தானது. மாவட்ட நுகர்வோர் மன்றம் அளித்த இழப்பீட்டை, மாநில நுகர்வோர் ஆணையம் 2021 ஜனவரியில் வழக்குச் செலவோடு சேர்த்து 45,000 ரூபாயாக உயர்த்தியது. விளம்பரப்படுத்திய சலுகையை ஏற்று ஆர்டர் கொடுத்து, அது உறுதியும் செய்யப்பட்டுவிட்டால் ஒப்பந்தம் நிறைவடைந்துவிட்டது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. 190 ரூபாய்க்கு மடிக்கணினி கிடைக்காது என்பது சட்ட மாணவருக்குத் தெரியாதா என்று சிங்கப்பூர்க்காரர்கள் கேட்கக்கூடும். இரண்டு முடிவுகளும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள் என்பதே சரியான வாசிப்பாகத் தோன்றுகிறது: சிங்கப்பூரில் பொருளைக் கொடுக்க வேண்டுமா என்பது வினா, ஒடிசாவில் சேவையில் குறைபாடு இருந்ததா என்பது வினா. ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்று, மற்றவர்கள் கேட்டது ஆயிரத்துக்கும் மேல் என்னும் வேறுபாட்டையும் ஒதுக்க முடியாது. சட்டம் எதையும் வற்புறுத்தாமலேயே பணிந்தவர்களும் உண்டு. 329 பவுன் கேமராவை 100 பவுனுக்குத் தவறாகப் போட்டுவிட்டு முதலில் மறுத்த கோடாக் நிறுவனம், வாடிக்கையாளர்களின் கொந்தளிப்பைக் கண்டு 2002 ஜனவரியில் அந்த விலைக்கே கொடுத்தது. கோடாக்கால் முடிந்தது; கொல்லிமலைச் செம்மேட்டில் இரண்டு மூட்டை மிளகோடு உட்கார்ந்திருப்பவரால் முடியாது.

இன்று நடைமுறையில் ஆட்சி செய்வது 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். பக்கத்தில் உள்ள விவரமும் படமும் பொருளின் உண்மைத் தோற்றத்துக்கும் தன்மைக்கும் பொருந்தும் என்று ஒவ்வொரு விற்பனையாளரிடமும் தளம் உறுதிமொழி பெற வேண்டும்; விளம்பரப்படுத்தியதற்கு மாறான பொருள் போய்ச் சேர்ந்தால் அதைத் திரும்ப ஏற்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது; புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். உறுதி செய்த ஆர்டரை வாங்குபவர் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கும் நிறுவனம், தான் ஒருதலையாக ரத்து செய்யும்போதும் அதே அளவு கட்டணத்தை ஏற்க வேண்டும் என்னும் விதி அவற்றில் நயமானது. இவற்றோடு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவர் தாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே முறையிடலாம் என்று வைத்திருக்கிறது. நுகர்வோருக்கு இது பெரிய வரம். கொல்லிமலையிலிருந்து டெல்லிக்குக் கால் கிலோ மிளகு அனுப்பியவருக்கோ, டெல்லி மாவட்ட ஆணையத்திலிருந்து அறிவிப்பு வரக்கூடும் என்பது அதன் மறுபக்கம்.

ஆகவே விற்பவர் செய்ய வேண்டியவற்றில் வரிசை முக்கியம். முதலில் பக்கத்தைத் திருத்துவதா, வந்த ஆர்டர்களுக்குப் பதில் சொல்வதா என்றால், விற்பனையை நிறுத்திவைப்பதே முதல் வேலை; திருத்தம் தளத்தில் ஏற நேரம் பிடிக்கலாம், கையிருப்பைச் சைபர் என்று மாற்றினால் ஆர்டர் வருவது நின்றுவிடும். விடுபட்ட சைபருக்கு மற்றொரு சைபரே மருந்தாவது ஒரு வேடிக்கை. அடுத்து, பிழையான பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திருத்திய பிறகு பழைய பக்கம் எப்படி இருந்தது என்று நிறுவ விற்பவரிடம் வேறு சான்று இருக்காது. அதன்பின் ஆர்டர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் போதுமான அளவு கேட்டவர்களும், இருபது கிலோ கேட்டவரும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவர்கள் அல்லர். முன்னவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால், நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு அனுப்பிவிடுவதே மேல்; அதற்கு ஆகும் தொகை, ஒரு மோசமான மதிப்புரையை அழுத்தி மறைக்க ஆகும் விளம்பரச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். பின்னவருக்கு மறுக்கத் தயங்க வேண்டியதில்லை.

மறுக்கும்போதுதான் பெரும்பாலான விற்பனையாளர்கள் சறுக்குகிறார்கள். "கையிருப்பு இல்லை" என்று பொய் சொல்வார்கள், அல்லது வாடிக்கையாளரை அழைத்து அவரே ரத்து செய்யும்படி கெஞ்சுவார்கள். இதற்குப் பின்னால் இருப்பது அச்சம். விற்பவர் தாமாக ரத்து செய்யும் ஆர்டர்களின் விகிதத்தைத் தளங்கள் கணக்கு வைக்கின்றன. அமேசானில் அது 2.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாதம் ஆயிரம் ஆர்டர் பார்க்கும் நகரத்துக் கடைக்கு மூன்று ரத்துகள் பொருட்டல்ல. நாற்பது ஆர்டர் பார்க்கும் மலைக் குழுவுக்கு அதே மூன்று ரத்துகள் 7.5 விழுக்காடு. சிறியவர்களைப் பொய் சொல்லத் தூண்டும் கணக்கு இது, தளங்கள் இதைத் திருத்தாதவரை அறிவுரைகளால் பெரிய பயன் விளையாது. இருந்தபோதிலும் பொய் ஆபத்தானது, ஏனென்றால் கையிருப்பு இல்லை என்று சொன்னவர் மறுநாளே அதே மிளகை 800 ரூபாய்க்கு ஏற்றும்போது, பிழை என்பது ஏமாற்று என்று ஆகிவிடுகிறது. கொடுக்கும் எண்ணம் இல்லாமல் குறைந்த விலை காட்டி ஆள் இழுப்பதைத் தூண்டில் விளம்பரம் என்று 2022ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் வரையறுத்திருக்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை தண்டம் விதிக்க முடியும். உண்மையைச் சொல்வதற்கு நீண்ட கடிதம் வேண்டாம், இவ்வளவு போதும்:

"வணக்கம்ங்க. இன்னிக்குக் காலையில நீங்க ஆர்டர் போட்ட மிளகு கிலோ 80 ரூபாய்னு வந்தது எங்க தப்புங்க. அது 100 கிராம் விலை, கிலோ 800 ரூபாய். உங்க பணம் முழுசாத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டோம். 80 ரூபாய்க்கு 100 கிராம் வேணும்னா அனுப்பறோம், வேண்டாம்னாலும் பரவாயில்லைங்க. நீங்க எதையும் ரத்து செய்ய வேண்டியதில்ல, நாங்களே பண்ணிடறோம்."

பிழை என்ன, சரியான விலை என்ன, பணம் என்ன ஆயிற்று, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்னும் நான்கும் இதில் இருக்கின்றன. தளத்தின் மீதோ கணினியின் மீதோ பழி போடும் ஐந்தாவது வரி இல்லை. பொட்டலம் மலை இறங்குவதற்கு முன் இது போய்ச் சேர வேண்டும் என்பதற்குச் சட்டத்துக்கு அப்பால் ஒரு கணக்கு உண்டு: மலை இறங்கிச் சென்னையோ பெங்களூருவோ போன பொட்டலம், மறுக்கப்பட்டு மறுபடி மலையேறி வந்தால், போக வர ஆகும் கூரியர் செலவு 100 கிராம் மிளகின் விலையை விழுங்கிவிடும். சிக்னல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்காத மலையில், பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கீழே நாமக்கல்லில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் கொடுத்துவைப்பது இந்த வகையில் பயன்படும்.

வாங்குபவரின் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு. விலை நம்ப முடியாதபடி குறைந்திருந்தால், பணம் கட்டுமுன் விற்பவரிடம் ஒரு வரி கேட்பது நல்லது; கேட்டதும் வந்த பதிலும் பின்னால் சாட்சியாகும். ஐயம் இருந்தும் வாங்குவதென்றால் வீட்டுக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், எண்ணிக்கை கூடக் கூட நல்லெண்ணம் என்னும் வாதம் இளைக்கிறது. உறுதிச் செய்திக்குப் பிறகு ரத்தானால் பக்கம், ரசீது, மின்னஞ்சல் ஆகியவற்றைச் சேமித்துக்கொண்டு தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். பிறகு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் பிறகு மாவட்ட ஆணையம், அங்கே ஐந்து லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. பணம் திரும்பி வந்துவிட்ட 80 ரூபாய் ஆர்டருக்காக ஆணையம்வரை போவது உரிமையே. ஆனால் எதிரே நிற்பது பெருநிறுவனமா, பத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் உழவர் குழுவா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதில் தவறில்லை.

இதுவரை சொன்னவை பணத்தோடு முடிந்துவிடும் பிழைகள். பொருளே வேறாகும் மூன்றாம் வகை அப்படி முடிவதில்லை. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்குப் போகும் வழியில் சூப்பாக விற்கப்படும் முடவாட்டுக்கால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஒரு பன்னத்தின் தண்டு அது. தாவரவியலார் அதை டிரைனேரியா குவர்சிபோலியா என்பர். கிழங்கு என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் கிடைமட்டமாகப் படரும் தண்டுதான், மேலே படர்ந்திருக்கும் பழுப்பு மயிரால் ஆட்டுக்காலைப் போலத் தோன்றுகிறது. மயிர் நீக்கி நறுக்கிக் காயவைத்துப் பொடித்த பிறகு, அது எந்தச் செடியின் எந்தப் பாகம் என்று வாங்குபவரால் கண்டறிய இயலாது. பக்கத்தில் எழுதியிருப்பதை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அந்தப் பக்கத்திலோ மூட்டுவலி தீரும், வாதம் போகும் என்று எழுதிவைக்கிறார்கள். வாதநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு தவறான உணவு விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை தண்டம் வைத்திருக்கிறது. தாமாக எழுதவில்லை, பக்கத்தில் ஏற்கெனவே இருந்த வரிகளோடு தம் சரக்கைச் சேர்த்துக்கொண்டதாக விற்பவர் சொல்லக்கூடும். பக்கத்தில் தம் பெயரில் விற்பவருக்கு அது போதிய மறுமொழியாகாது.

இங்கே 100 கிராம், 80 ரூபாய் என்னும் பேரங்களுக்கு இடமில்லை. தவறான பொருள் போயிருக்கலாம் என்னும் ஐயம் வந்தவுடன் பக்கத்தை எடுத்துவிட்டு, வாங்கியவர்களிடம் சமைக்க வேண்டாம் என்று சொல்லி, சரக்கைத் திரும்ப அழைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இதை உணவு வணிகரின் கடமையாகவே வைத்திருக்கிறது. எந்தப் பொட்டலம் எந்த ஊரிலிருந்து, எந்த நாளில் வந்த மூட்டையிலிருந்து போனது என்பதைக் காட்டும் தொகுதி எண் ஒட்டப்பட்டிருந்தால், அந்த மூட்டையிலிருந்து போனவற்றை மட்டும் அழைத்துக்கொள்ளலாம். பல ஊர்ச் சரக்கையும் ஒரே சாக்கில் கொட்டி நிரப்பி அனுப்பியிருந்தால், அந்தப் பருவத்தில் வாங்கிய அத்தனை பேருக்கும் எழுத வேண்டியிருக்கும்.